யார் கணக்கில் ஓடுகிறோம்?

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸை ஒட்டி முடிகிறது. நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாட்களில்தான் நம் குடும்பங்கள் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ மூணாறுக்கோ கிளம்புகின்றன. ஆகஸ்ட் மாதத்திலிருந்து இருட்டோடு எழுந்து ஓடிப் பழகியவருக்கு இதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது என்று தோன்றும். ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் டிசம்பர் தவறாமல் ஒரு கேள்வி எழும்: "குடும்பத்தோட மலைக்குப் போறேன், பயிற்சியை என்ன பண்றது?" உடனே யோசனைகள் கொட்டும். மலைப்பாதையில் ஏற்றம் ஓடு, ஜிம் உள்ள விடுதியாகப் பார், ஒன்றும் முடியாவிட்டால் படிக்கட்டில் ஏறி இறங்கு. "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உடம்பைப் பற்றிய கேள்விக்கு விடை சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். 1984-ல் அமெரிக்க உடலியலாளர் எட்வர்ட் காயிலும் அவர் குழுவினரும், நன்றாகப் பயிற்சி பெற்ற சிலரைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரங்களில் 7 சதவீதம் குறைந்தது. மூன்று வாரம் காலை அசைக்காமல் இருந்ததற்கே இவ்வளவுதான். ஐந்து நாள் சுற்றுலாவில் என்ன போய்விடும்? தவிர, பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம் எப்படியும் ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய காலம். 'டேப்பர்' என்பார்கள். லோரான் போஸ்கேயும் சகாக்களும் 2007-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கடைசி இரண்டு வாரங்களில் வேகத்தைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பதே அதிகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். ஆக, நம் பள்ளிக்கல்வித் துறை தன்னை அறியாமலேயே ஓட்டக்காரர்களுக்கு ஏற்ற அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அல்லது நம்பிக்கொண்டே ஓடுவார்கள். அப்போதுதான் இது கால் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று தெரியும். நாலைந்து மாதம் கட்டி எழுப்பிய ஒன்று நாலு நாளில் கரைந்துவிடும் என்ற பயம், ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஒரு வாரம் காலியாகத் தெரியும் என்ற கூச்சம், ஓடாத நாளில் தான் யார் என்றே புரியாத ஒரு வெறுமை. இங்கிலாந்தின் ரான் ஹில் 1970-ல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர், வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், விவரம் தெரியாதவர் இல்லை. 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட விடாமல் ஓடினார். நாளுக்குக் குறைந்தது ஒரு மைல் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகும் ஊன்றுகோல் ஊன்றி அந்த மைலைக் கடந்தார். ஓடும்போது நெஞ்சு வலித்த பிறகுதான், 78 வயதில், நிறுத்தினார். வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 52 வருடங்களின் கல்யாணங்களும் சாவுகளும் கடற்கரை விடுமுறைகளும் நினைவுக்கு வருகின்றன. அன்றைய மைல் முடியட்டும் என்று எத்தனை பேர் எத்தனை முறை காத்திருந்தார்களோ.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர், நல்ல மனிதர், கோடையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார். அட்டவணையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது கிலோமீட்டர் இருந்தது. நாலரைக்கு எழுந்து, யார் தூக்கத்தையும் கலைக்காமல், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய் ஓடி முடித்துவிட்டார். தன் கடமை குடும்பத்தை ஒரு விதத்திலும் தொடவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னது வேறு. "ஓட்டம் மூணரை மணி நேரம்தாங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர் ஓடின களைப்பை நாங்க சுமக்கணும். படகுக்கு வரமாட்டார், படியேற மாட்டார், மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துடுவார். தூங்கற மனுஷன்கிட்ட சத்தம் போடாம ரெண்டு பசங்களை ஒரே ரூம்ல வச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கணும்."

ஓட்டக்காரர்கள் எல்லோரும் தப்பாகப் போடுகிற கணக்கு இதுதான். ஓடிய நேரத்தை மட்டும் செலவு என்று எழுதுகிறோம். அதன் பின்னால் வருகிற பசி, சிடுசிடுப்பு, தூக்கம், "இன்னிக்கு ரொம்ப நடக்க வேணாம், நாளைக்கு டெம்போ ஓட்டம் இருக்கு" என்ற பேச்சு, இவையெல்லாம் வேறொருவர் கணக்கில் பற்று வைக்கப்படுகின்றன. வீட்டில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. அவரவருக்கு அலுவலகம், பள்ளி, வேலை என்று நாள் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே வாடகைக் காரில், ஒரே மேஜையில் இருக்கும்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டது இன்னொருவரிடமிருந்து எடுத்தது என்று பளிச்சென்று தெரிகிறது.

உலகத்திலேயே ஓட்டத்தை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் என்று எலியூட் கிப்சோகேயைச் சொல்லலாம். 2022-ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி அன்றைய உலக சாதனையைப் படைத்தவர். கென்யாவில் கப்டகாட் என்ற இடத்து முகாமில் வாரம் முழுவதும் தங்கிப் பயிற்சி செய்வார். வார இறுதியில் எல்டோரெட்டில் இருக்கும் மனைவி மக்களிடம் போய்விடுவார். முகாமில் இருக்கும்போது முறை வைத்துக் கழிப்பறை கழுவுவதும் அவர் வேலைதான். வேலைக்கு ஓர் இடம், வீட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருக்கிறார். அது அவருடைய பிழைப்பு, பிரிக்க முடிகிறது. பிழைப்புக்காக ஓடாத நாம், மெடலுக்கும் டி-ஷர்ட்டுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டி ஓடுகிற நாம்தான், முகாமைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறோம். முகாமின் ஒழுங்கில் நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கழிப்பறை முறை நம் அட்டவணையில் கிடையாது.

இவ்வளவு சொன்னாலும் விடுமுறையில் ஓடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காரணம், நான் பெண். என் நிலைமை தலைகீழ்.

ஆண் நண்பர்களுக்குச் சுற்றுலா என்பது பயிற்சிக்கு வரும் இடைஞ்சல். எனக்கோ வருடத்திலேயே நிம்மதியாக ஓட முடிகிற நாட்கள் அவை. திருவான்மியூரில் நான் ஓடுகிற ஓட்டம் பால் பொங்குவதற்கும் டிபன் பாக்ஸ் கட்டுவதற்கும் நடுவில் திருடியது. மோட்டார் போட்டோமா, ரசத்துக்குப் புளி ஊறுகிறதா, வேலைக்கு வரும் அக்கா இன்று வருவாரா என்ற யோசனையோடு கடற்கரைச் சாலையில் போய்த் திரும்புவேன். இடுப்பில் வீட்டுச் சாவி குத்திக்கொண்டே இருக்கும். வேகம் கூட்டினால் அது பயிற்சிக்காக அல்ல, ஏழு மணி ஆகிவிட்டது என்பதற்காக. 1896-ல் தொடங்கிய ஒலிம்பிக் மாரத்தானில் பெண்கள் ஓட 1984 வரை ஆயிற்று. உடம்பு தாங்காது என்று அதுவரை காரணம் சொன்னார்கள். காலை ஐந்தரைக்கு ஒரு வீட்டின் அடுக்களையைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொடைக்கானலில் அடுக்களை இல்லை. அதுதான் அந்த ஊரின் முதல் அழகு, பில்லர் ராக்ஸ் எல்லாம் அப்புறம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியுமுன் கொடை ரோட்டில் இறக்கிவிடும். வளைவுகளில் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மேலே வந்து சேர்வார்கள். மறுநாள் காலை அலாரம் இல்லாமலே எனக்கு விழிப்பு வந்துவிடும், யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நேராக ஏரிக்கு ஓடப் போய்விடுவேன். 1863-ல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உண்டாக்கிய ஏரி அது. சுற்றி வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். பகலில் குதிரைகளும் வாடகை சைக்கிள்களும் மக்காச்சோளப் புகையும் நிறைந்து நடக்க இடம் இருக்காது. ஆறரைக்கு முன்னால் போனால் பனியும் நாய்களும் நாமும்தான்.

சென்னை வேகத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிரில் சுகமாக இருக்கிறதே என்று முடுக்கினால் நெஞ்சு படபடக்கும், கைக்கடிகாரம் காட்டுகிற எண் வெட்கமாக இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல், பேச முடிகிற அளவுக்கு மூச்சு விட்டு ஓடினால் போதும். இன்னொன்று, விடுதியிலிருந்து ஏரிக்கு இறங்குகிற சாலைகள் செங்குத்து. பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த இறக்கங்களில் பாய்ந்து ஓடினால் தொடைத் தசைகள் நார் நாராகும், இரண்டு மூன்று நாள் படி இறங்கவே வலிக்கும். இறக்கத்தை நடந்து கடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

முதல் தடவை நான் கிளம்பியபோது, கூட வந்திருந்த அத்தை கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இங்க வந்துமா ஓடணும்? செத்த படுத்துத் தூங்கேன்மா."

"ஒரே ஒரு சுத்து அத்தை, வந்துடறேன்."

"குளிர்ல காதைக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். நான் திரும்பி வருவதற்குள் சின்னவன் எழுந்து அவரைத்தான் எழுப்பியிருந்தான். பல் தேய்க்க வெந்நீர், ஸ்வெட்டர், பால் எல்லாம் அவர் தலையில். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னுடைய அந்த ஒரு மணி நேரமும் இலவசமாக வந்ததில்லை, அறுபத்தெட்டு வயது மூட்டுவலிக்காரர் கணக்கில் எழுதப்பட்டது. மறுநாள் முதல் காலை நேரத்துப் பிள்ளைகள் பொறுப்பு கணவருடையது என்று ஆயிற்று. அவர் முணுமுணுத்தார். செய்தார். அத்தை எட்டு மணி வரை தூங்கினார். தனக்குக் கல்யாணம் ஆன பிறகு வெளியூரில் எட்டு மணி வரை தூங்கியது இதுதான் முதல் தடவை என்று காபி குடிக்கும்போது சொன்னார். அந்தக் காபியைப் போட்ட விடுதிப் பையன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்பது தனிக் கதை.

இதில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. பிரச்சினை ஓட்டமா ஓய்வா என்பதே இல்லை. ஓட்டக்காரருக்கு ஓட்டமே ஓய்வாக இருக்கலாம். ஓடிவிட்டு வந்தால் முகம் தெளிந்து, எரிந்து விழாமல் பேசுகிறவர்கள் பலர் உண்டு. "போய் ஓடிட்டே வந்துடுங்க" என்று வீட்டில் தள்ளிவிடுவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் விடுமுறையில் நாள் எல்லோருக்கும் பொது. அதிலிருந்து ஒருவர் தனக்கென்று ஒரு மணி எடுத்தால், மற்ற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மணி உண்டா என்று பார்க்க வேண்டும். அவர் அதைத் தூங்கியே கழிக்கட்டும், கடைத்தெருவில் தனியாகச் சுற்றட்டும், கோக்கர்ஸ் வாக்கில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். முப்பது கிலோமீட்டர் இந்தக் கணக்கில் எப்படியும் அடங்காது. அதை ஊருக்குக் கிளம்புமுன் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். விட்டால் பந்தயத்தில் இரண்டு நிமிடம் கூடலாம். கூடட்டும். அந்த இரண்டு நிமிடம் உங்களைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

பகல் பொழுதில் பயிற்சி என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது ஓடாமல் இருப்பதைவிடக் கஷ்டம். அத்தையோடும் பிள்ளைகளோடும் அதே ஏரியை மத்தியானம் நடந்து சுற்றினோம். சோளம், குதிரை, மறுபடி சோளம், செருப்பு அறுந்தது, அதைத் தைக்க ஆள் தேடியது எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஸ்ட்ராவாவில் ஏற்றினால் கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் வரும். கடிகாரத்தை நான் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். இல்லாவிட்டால் நடுவில் ஒரு தடவையாவது அதைப் பார்த்திருப்பேன், பெரியவள் அதைக் கவனித்திருப்பாள். பிள்ளைகள் நம் மணிக்கட்டைப் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை.

இந்த டிசம்பரில் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, ஒரு வேண்டுகோள். விடுதியில் ஜிம் இருக்கிறதா, பக்கத்தில் ஓட ஏற்ற சாலை இருக்கிறதா என்று விசாரிக்கிறீர்கள் அல்லவா? அதே நாளில் வீட்டில் இருப்பவரிடமும் ஒன்று விசாரியுங்கள்: "அங்கே உனக்கு எந்த நேரம் தனியாக வேண்டும்?" பதிலை அட்டவணையில் முதலில் எழுதுங்கள். உங்கள் ஓட்டத்தை மிச்சம் இருக்கிற இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.