ஐந்து உதாரணம் போதாது

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து, ஒவ்வொரு விடையோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார்.

அடுத்த எண் 4,29,49,67,297. 1732-இல் கணித மேதை ஆய்லர் அதை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார். அதை வகுக்கும் பகா எண் எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அத்தகைய பகா எண்களை வரிசையாகச் சோதித்தால் ஐந்தாவதே 641.

இதுவரை சரியாக வந்தது என்பதற்காக எதையும் உண்மையென்று முடிவு கட்டாதீர்கள். ஏன் சரி என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் அறிவை வளர்க்கும்.