பிறர் கை நூலும் நமது தீர்ப்பும்

வாசிப்பு தனிமனிதச் செயலே எனினும், பொது இடத்தில் வாசிப்பவர் தம்மையறியாமலே பிறர் பார்வைக்கு உள்ளாகின்றார். கல்முனை பஸ் நிலையத்தில் ஒருவர் பத்திரிகையை விரித்திருப்பார். ஒரு மாணவி பரீட்சைக் குறிப்புகளில் ஆழ்ந்திருப்பாள். வேறொருவர் சமய நூலொன்றைக் கையில் வைத்திருப்பார். மேலட்டையைக் காணும் நாம், வாசிப்பவரின் உள்ளத்தையே கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கின்றோம். இவ்வாறு எண்ணுதல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

பிறர் வாசிப்பதை அறிய விழைதல் தன்னளவிற் குற்றமன்று. நமது கிராமத்து வாசிகசாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் செவிமடுத்த காலமொன்று இருந்தது. அங்கே வாசிப்பு பொதுச்சொத்தாக விளங்கியது. வாசிப்பு மௌனமானபோதே ஊகமும் தோன்றியது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் குரலெழுப்பாது வாசித்தமையைக் கண்ட அகுஸ்தீனார், அதற்குக் காரணங்கள் சிலவற்றை ஊகித்தார். ஆயினும், நோக்கம் எதுவாயினும் அம்மனிதரிடத்தில் அது நன்னோக்கமாகவே இருந்திருக்கும் என முடித்தார். ஊகிக்கும் உரிமையோடு நல்லெண்ணம் கொள்ளும் கடமையும் இணைந்துள்ளது என்பதை இதனால் உணரலாம்.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் நற்பிட்டிமுனை போன்ற ஊர்களில் இக்கடமை மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. அரபுத்தமிழை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்து அரபு, மொழியோ தமிழ். முஸ்லிம் மூதாட்டி ஒருவர் அத்தகைய பழைய நூலொன்றைக் கையில் வைத்திருப்பாராயின், அயலிலிருப்பவர் அதனை அந்நிய மொழியென்றே கருதுவார். அவரே அதனை உரத்து வாசிப்பாராயின், கேட்பவர் செவியில் விழுவது தமது தாய்மொழியே. கண் பிரித்ததைச் செவி ஒன்றுசேர்க்கின்றது.

வெறுப்பைப் போதிக்கும் நூல்களும் உலகில் உளவே, சமூகம் கண்ணை மூடிக்கொள்வதா என வினவுவோர் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 2019 ஏப்ரல் 21 இல் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்கள் அந்த அச்சத்திற்குக் காரணம் தந்தன. ஆனால், அதன்பின் அரபு எழுத்துத் தாங்கிய நூல்கள் பலவும் உள்ளடக்கம் நோக்கப்படாமலே ஐயத்திற்குள்ளாயின. ஐயம் தமிழ் நூலையும் விட்டுவைக்கவில்லை. 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதியின் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். ஓராண்டுக்கு மேலாகச் சிறையிலிருந்த அவரை 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. நூலைப் பிழையாக வாசிப்பதன் விலையைப் பிழையாக வாசித்தவர் செலுத்துவதில்லை.

மேலும், ஒரு நூலை வாசிப்பவர் அதன் கருத்தை ஏற்றவர் என்பதும் பொருந்தாது. மறுப்பதற்காக வாசிப்போர் உளர். வேறு நூல் கிடையாமையால் வாசிப்போரும் உளர். பல்கலைக்கழக மாணவராகிய நாம் தமக்குள் முரண்படும் நூல்களை ஒரே வாரத்தில் வாசிக்கின்றோம். நமக்கு நாம் அளிக்கும் இச்சலுகையை அயலவருக்கு மறுப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இன்று கைத்தொலைபேசித் திரை மேலட்டையை மறைத்துவிட்டது. இதனால் ஐயம் அகலவில்லை. கேட்டறியும் வாய்ப்பே குறைந்துள்ளது. எனவே, பக்கத்து இருக்கையிலிருப்பவரின் நூல் நமது ஆவலைத் தூண்டுமாயின், தீர்ப்பளிப்பதை விடுத்து, "என்ன வாசிக்கிறீர்கள்?" என்று வினவுவோமாக. விடையளிக்க அவர் விரும்பாராயின், அவரது மௌனத்தையும் மதிப்போமாக.