குடிவழிப் பதிவும் மனச்சான்றும்

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய தகரப் பெட்டி உண்டு. பாட்டனாரின் சிவப்பு அடையாளக் கார்டு, ஓரம் அரித்துப்போன கப்பல் பயணச்சீட்டு, கிராணியார் கையெழுத்திட்ட தோட்டத்துக் கடிதம், பிறப்புப் பத்திரங்கள், மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ்கள், எவருடையவை என்று இப்போது எவருக்கும் தெரியாத முகங்களைக் கொண்ட நிழற்படங்கள் ஆகியவை அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூத்தோர் இருந்தவரை அப்பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை எழவில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக மறைந்த பின்னர், பிள்ளைகளுள் ஒருவர், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெட்டியைத் திறக்கிறார். குடிவழியை ஒழுங்குபடுத்துவதற்கென்றே எழுதப்பட்ட கணிப்பொறி மென்பொருள்கள் அவருக்குக் கைகொடுக்கின்றன. தாள்களை அடுக்கத் தொடங்கியவர் சில மாதங்களிலேயே வேறொரு கேள்வியின் முன்னே வந்து நிற்கிறார். மறைந்தவர்களைப் பற்றி எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதே அக்கேள்வி.

இத்தகைய மென்பொருள்களின் வரலாறு நெடியதன்று. மார்மன் திருச்சபை எனப் பரவலாக அறியப்படும் அமெரிக்கச் சமயச் சபை, மூதாதையரைத் தேடி அறிவதைத் தன் உறுப்பினர்க்குரிய சமயக் கடமையாகக் கருதுவது. அச்சபை 1984ஆம் ஆண்டில் 'பர்சனல் ஆன்செஸ்ட்ரல் பைல்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஒரு கணிப்பொறியிலுள்ள குடிவழியை மற்றொன்றுக்கு மாற்றுவதற்கான 'ஜெட்காம்' என்னும் பொது அமைப்பும் அதே ஆண்டில்தான் பிறந்தது. இன்று விலையின்றிக் கிடைக்கும் 'கிராம்ப்ஸ்' முதலாக மென்பொருள்கள் பல உள்ளன. ஏறத்தாழ எல்லாமே ஜெட்காம் அமைப்பைப் படிக்க வல்லவை.

இவற்றால் விளையும் நன்மை சிறிதன்று. 'பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்' என்று ஒருவர் எழுதினால், அச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று குறிப்பதற்கும் ஓரிடம் திறந்து நிற்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு தாள். வீட்டில் எல்லாரும் சொல்வதையே வரலாறு எனக் கொண்டு பழகியவர்க்கு இஃது ஒரு நல்ல தண்டனை. தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேருக்குப் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றோடு கப்பல் பட்டியல்கள் உள்ளன. மலாயாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய நிறைவான பட்டியல் எளிதில் கிட்டுவதில்லை. 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்து, 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை கங்காணி முறையே ஆள் திரட்டியது. ஊர் ஊராகச் சென்ற கங்காணியின் நினைவும், தோட்டத்துச் செக்ரோலும், கிராணியார் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரும்தாம் எஞ்சியவை. ஒரே இராமாயி மருத்துவமனையில் ஒருவிதமாகவும், தோட்டத்து ஏட்டில் வேறுவிதமாகவும், 1948இல் நாட்டுப் பதிவு தொடங்கியபோது மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பாள். இம்மூவரும் ஒருத்தியே என்று இணைப்பதற்கும், பாட்டன் பெயரைச் சுமந்த பேரனைப் பாட்டனோடு தவறாக இணைத்துவிடாமல் காப்பதற்கும் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். அவற்றைக் கணிப்பொறி கற்றுத் தருகிறது.

ஆயினும் அதன் கட்டங்களை வகுத்தவர்கள் வேறொரு மண்ணின் மக்கள். குடும்பப் பெயருக்கென அதில் தனியிடம் உண்டு. தமிழனுக்கோ தந்தை பெயரே உண்டு. 'அனாக் லெலாகி' என்று மலாயில் எழுதி மகன் பெயரையும் தந்தை பெயரையும் இந்நாட்டுப் பதிவேடு பிரித்துக் காட்டுகிறது. கணிப்பொறியோ தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி, ஒரே குடியின் ஐந்து தலைமுறையை ஐந்து வெவ்வேறு குடிகளாக அடுக்கி வைக்கும். நாள் குறிக்கும் இடத்தில் கிரெகோரி நாட்காட்டியோடு ஜூலியன் நாட்காட்டிக்கும், யூதர் நாட்காட்டிக்கும், சில ஆண்டுகளே வழங்கி மறைந்த பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிக்குங்கூட இடம் உண்டு. பிரபவ முதலிய அறுபது ஆண்டுகளுக்கு இடமில்லை. 'சுபானு வருடம் மார்கழி' என்று ஓலையில் இருப்பதை 1943 என்பதா, 1883 என்பதா என ஆராய்ந்து, மூலச் சொற்களையும் அருகே எழுதி வைப்பது ஆய்வாளர் கடமையாகிறது.

தமிழாண்டுக்கு இடமில்லாத அந்த ஜெட்காம் அமைப்பில் சாதிக்கு மட்டும் ஓர் இடம் இருக்கிறது. எவரும் அதை நிரப்ப வேண்டுமென்று கட்டாயமில்லை. ஆனால் திறந்து கிடக்கும் கட்டம் ஒரு வகையில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் தாளில் சாதி கிடைத்தது என்பதற்காக ஒருவர் அதை எழுதினால், அடுத்த பெயரின் எதிரே வெற்றிடம் உறுத்தும். அதை நிரப்ப உறவினரிடம் கேட்கத் தோன்றும். எந்தப் பேச்சு லயத்து வாசலிலேயே மடியட்டும் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்களோ அப்பேச்சு பேரன் வாயால் மீண்டும் தொடங்கும். பழைய ஏட்டில் சாதி எழுதப்பட்டிருந்தால் அவ்வேட்டின் படியில் அஃது இருக்கட்டும், மறைப்பது பொய்யாகும். ஆளின் பெயரடியில் அதற்கொரு கட்டம் வகுப்பதோ வேறு செயல். முன்னது ஒரு காலத்தின் வழக்கத்தைக் காட்டுவது. பின்னது அவ்வழக்கத்தைத் தொடர்வது.

சாதியைப் பொறுத்தவரை முடிவு கடினமன்று. கடினமானது பிறப்பு. தோட்டங்களில் நடந்திருக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1943ஆம் ஆண்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனைச் சப்பானியர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்கின்றனர். அவன் மனைவி அப்போது கருவுற்றிருக்கிறாள். அவன் திரும்பவில்லை. மார்கழியில் பெண் குழந்தை பிறக்கிறது. அடுத்த லயத்தில் இருந்த ஒருவன் தாயையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறான். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் பிறப்புப் பத்திரம் எடுக்கும்போது, தந்தை பெயர் என்ன என்று கேட்ட அலுவலரிடம் அவன் தன் பெயரையே சொல்கிறான். தாய் அருகில் நிற்கிறாள், மறுக்கவில்லை. அச்சிறுமி அவனையே 'அப்பா' என்றழைத்து வளர்ந்தாள். தோளில் தூக்கித் திருவிழாவுக்குச் சென்றவனும், தாலி எடுத்துக் கொடுத்து மணம் முடித்தவனும் அவனே. இன்று அவளுக்கு எண்பது கடந்துவிட்டது. அவளுடைய மகன்தான் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்.

அவர் தொண்ணூறு கடந்த ஒரு மூதாட்டியிடம், அதாவது அந்த இரண்டாமவனின் தங்கையிடம், பழைய செய்திகளைக் கேட்கப் போகிறார். பேச்சுவாக்கில் அவர், “அது எங்கண்ணன் பெத்த புள்ள இல்லய்யா. வயித்துல இருக்கும்போதே அதோட அப்பன சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க,” என்கிறார். இறந்தவனின் பெயரையும் சொல்கிறார். வீட்டுக்குத் திரும்பிய மகன் தம் தாயின் பக்கத்தைத் திறக்கிறார். தந்தை பெயர் என்னும் கட்டத்தில் அவர் முன்பே எழுதிய பெயர் இருக்கிறது.

ஜெட்காம் அமைப்பில் சான்றுகளை மதிப்பிடுவதற்கு நான்கு படிகள் உண்டு. நம்பத் தகாததற்கும் ஊகத்துக்கும் சுழி. நேர்காணல், வாய்மொழிக் குடிவழி போன்றவற்றுக்கு ஒன்று. நிகழ்ச்சிக்குப் பின்னர் அலுவல் முறையில் பதியப்பட்டதற்கு இரண்டு. நேரடியான முதல்நிலைச் சான்றுக்கு மூன்று. இவ்வளவைகளின்படி மூதாட்டியின் சொல் ஒன்று பெறும்; காலந்தாழ்ந்த பிறப்புப் பத்திரம் இரண்டு பெறும். ஆக, உண்மை பொய்யிடம் தோற்கும். அளவையை வகுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எழுத்தில் வாழ்ந்த நாடுகளுக்கு அது பொருந்தும். எழுத்தறியாதவர்கள் பிறர் கையால் எழுதப்பட்ட நாட்டில், எழுதப்பட்டது எது, நிகழ்ந்தது எது என்பதைப் பிரித்தறிய வாய்மொழியே சில வேளைகளில் ஒரே துணை.

அம்மகன் என் செய்ய வேண்டும்? ஒன்றும் எழுதாது விடுவதே தக்கது என்று பலர் கூறுவர். தாய் வாழ்நாள் முழுதும் காத்த மௌனம் அவளுக்குரிய உடைமை. அதைக் கவர்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. அத்துடன், பிறப்புப் பத்திரத்தில் இருப்பதை வெறும் பொய்யென்று தள்ளவும் முடியாது. 'இக்குழந்தைக்கு நான் தந்தை' என்று ஒருவன் அலுவலர் முன்னே சொன்னது செய்தியன்று, வாக்குறுதி. அதை அவன் நிறைவேற்றினான். அவன் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதும் கை, எத்துணை உண்மைப் பற்றுடையதாயினும், நன்றி கொன்ற கை.

இவ்வாதம் வலிமையானதே. ஆனால் இதில் ஒருவன் விடுபட்டுப் போகிறான். சயாமில் மாண்டவன் அவன். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோரின் தலைமாட்டில் பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடு உண்டு. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை, ஆளுக்கொரு கல்லும் இல்லை. அவ்விளைஞனின் பெயரைத் தாங்கிய ஏடு எங்கேனும் உண்டா என்றால், தொண்ணூறு கடந்த ஒரு மூதாட்டியின் நினைவைத் தவிர வேறில்லை. அவர் மறைந்தால் அவன் பிறவாதவனுக்கு ஒப்பாவான். மௌனம் தாய்க்குச் செய்யும் மரியாதை என்றால், அதன் விலையை அவனே கொடுக்கிறான். அவனைக் கேளாமலே அது வாங்கப்படுகிறது. தன் பெயரைக் கொடுத்து வளர்த்தவனுக்கு நன்றி உரியது போலவே, பெயரின்றிப் போனவனுக்கும் ஏதோ ஒன்று உரியது. அதைச் செலுத்தக்கூடிய இடத்தில் இருப்பவர் உலகில் ஒரே ஒருவர்தாம்.

இங்கே மென்பொருள் எதிர்பாராத வகையில் உதவுகிறது. ஒரு குழந்தையை இரண்டு குடும்பங்களோடு இணைத்து, பிறப்பால் ஓர் உறவு, வளர்ப்பால் ஓர் உறவு என்று குறிக்க அதில் வழி உண்டு. தாளில் வரையும் கொடிவழிப் படத்தில் ஒரு பெயரை எழுத மறு பெயரை அடிக்க வேண்டும். இங்கோ இருவரும் நிற்கலாம். பிறப்புப் பத்திரத்தை உள்ளவாறு படியெடுத்து வைக்கலாம். மூதாட்டியின் சொற்களை அவர் சொன்னபடியே, இன்ன நாளில் இன்னார் சொன்னது என்று எழுதி வைக்கலாம். மதிப்பீட்டுக் கட்டத்தில் ஒன்று என்றே இடலாம். ஏன் ஒன்று என்பதையும், அவ்வொன்று ஏன் புறக்கணிக்கத் தக்கதன்று என்பதையும் குறிப்பாக எழுதலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் பதிவு செய்பவருக்கு இல்லை.

பதிவது வேறு, பரப்புவது வேறு என்பதையும் மறத்தலாகாது. இணையத்தில் வைக்கப்பட்ட ஒரு குடிவழியிலிருந்து பிறர் படியெடுத்துச் சேர்த்துக்கொள்வது இன்று ஒரு நொடி வேலை. 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதியது மூன்றாம் கைக்குப் போகும்போது 'இருக்கலாம்' உதிர்ந்து, பெயர் மட்டும் நிற்கும். இன்ன செய்தி மறைவானது என்று குறிப்பதற்கும், வெளியே அனுப்பும்போது அதை நீக்கிவிடுவதற்கும் மென்பொருள்களில் இடமுண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் குடும்பத்தின் சொந்தப் பயன்பாட்டில் தலையிடுவதில்லை. ஆகவே அம்மறைவுக் குறியை இடுவதும் இடாததும் முற்றிலும் மனச்சான்றின் பொறுப்பு.

எஞ்சுவது, எண்பது கடந்த அத்தாயிடம் சொல்வதா என்பது. ஏடு வேறு, காது வேறு. ஏட்டில் எழுதுவது இறந்தவனுக்குச் செலுத்தும் கடன்; அவளிடம் சொல்வது அவளுடைய தந்தையை அவளிடமிருந்து பறிப்பதாகவும் ஆகலாம். ஒருவேளை அவள் அறிந்தே இருக்கலாம். தோட்டத்து லயங்களில் சுவர்கள் மெல்லியவை. சிறுமிகளின் காதுகள் கூர்மையானவை. அறிந்தும் அறியாதவளாய் வாழ்ந்திருப்பாளாயின், அம்மௌனம் இப்போது தாயுடையது மட்டுமன்று, அவளுடையதும் ஆகும். அவளாகக் கேட்டால் ஒளிக்கலாகாது. கேளாதபோது வலிந்து சொல்லலாகாது. இதற்கு மேல் எந்த நெறிநூலும் வகுத்துக் கூற முடியாது போலும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. 1984இல் வெளிவந்த அந்த முதல் மென்பொருளையே அதனைப் படைத்த சபை 2013இல் கைவிட்டது. நெகிழ்வட்டுகளில் சேர்த்துவைத்த குடிவழிகளைப் படிக்க இன்று பல வீடுகளில் கருவியே இல்லை. ஆகவே, எல்லாவற்றையும் தாளிலும் அச்சிட்டு வைப்பது வழக்கமாகி வருகிறது. தீபாவளிக்குக் கூடும் உறவினர்க்கென ஒரு படி. அதில் தாயின் தந்தையாக, பிறப்புப் பத்திரத்தில் உள்ளவரே இருப்பார். உறையிலிட்டு ஒட்டிய மற்றொரு படி. அதில் இருவரும் இருப்பர். அவ்வுறை அந்தத் தகரப் பெட்டிக்கே திரும்பிச் செல்லும். பெட்டியின் சாவியைத் தம் பிள்ளைகளுள் யாரிடம், எப்போது கொடுப்பது என்பதை மட்டும் அம்மகன் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்.