அடுத்த வகுப்பு எங்கே?

எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளியில், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளே சில பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும் நாளாகிவிடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் ஒன்பதாம் வகுப்பு என்றால் பேருந்து ஏற வேண்டும். மாலையில் அது வரத் தாமதித்தால் வீட்டில் கவலை தொடங்கிவிடும். ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பது 2009-இல் மத்திய அரசு வகுத்த இலக்கு. வரைபடத்தில் அது விரற்கடை தூரம். கரும்புக் கொல்லை ஓரமாகத் தனியே நடக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அப்படியல்ல.

இந்தத் தூரத்தைக் குறைக்க, பள்ளியை உயர்நிலையாகவும் பிறகு மேல்நிலையாகவும் தரம் உயர்த்தும்போது முதலில் வகுப்பறைகளை எண்ணுகிறோம். எண்ணத்தான் வேண்டும். ஆனால் மேல்நிலைக்கு அறை மட்டும் போதாது: இயற்பியலுக்கும் கணக்குக்கும் முதுகலை ஆசிரியர், பூட்டிக் கிடக்காத ஆய்வகம், தண்ணீர் வரும் கழிவறை. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். இவை முன்கூட்டியே திட்டமிட்டால்தான் வரும். முதல் ஆண்டு பதினொன்றில் சேருகிறவர்களுக்கு அந்தப் பள்ளியில் வழிசொல்ல அண்ணனோ அக்காவோ கிடையாது. அவர்களுடைய ஆசிரியர்களாவது ஜூன் மாதமே வந்து சேரட்டும்.