கல்லையும் அலையையும் அனுப்பியவர் யார்?



இன்று டிசம்பர் 26. திருச்சபை தன் முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவானை நினைவுகூரும் நாள். நம் கரையோரம் 2004-இல் கடல் கொண்டுபோனவர்களை நினைத்து அழும் நாளும் இதுவே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அலை ஊர் ஊராக ஏறியது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம்தான், 10,000-க்கும் மேற்பட்டவர்கள். அலை உள்ளே இருக்கும் நம் வீரமுனை வரை வரவில்லை. ஆனால் கரையிலிருந்து ஓடிய சனம் இந்தப் பக்கம்தான் வந்தது.

அந்த அலையை வைத்து முடிகிற ஒரு படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2008-இல் வெளிவந்த ‘தசாவதாரம்’. கமல்ஹாசனின் பத்து வேடங்களைப் பற்றிக் கதைத்த அளவுக்கு, அது கேட்ட கேள்வியைப் பற்றி நாம் கதைக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில், சோழர் காலத்து வைணவர் ஒருவரைப் பெருமாள் சிலையோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். பிறகு நம் காலம். கொடிய கிருமி அடைத்த குப்பி ஒன்றைத் தேடி ஒரு விஞ்ஞானி ஓடுகிறார். அந்தக் கிருமியை உப்பு கொல்லும். கடைசியில் கிருமி வெளியே பரவப்போகும் நேரம் சுனாமி வருகிறது. உப்புநீர் அதை அழிக்கிறது. மக்களைக் காக்கக் கடவுளே அலையை அனுப்பினார் என்கிறாள் பக்தையான ஆண்டாள். இத்தனை பேரைக் கொன்றா காப்பாற்றுவது என்பது விஞ்ஞானியின் பதில். முன்பு மூழ்கிய சிலை கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது.

வேறு ஊர்க்காரருக்கு அது சாமர்த்தியமான முடிவு. ஆனால் பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயிடம், இன்னும் பல பேரைக் காப்பாற்றத்தான் உன் பிள்ளை போனது என்று சொல்ல நம்மில் யாருக்காவது நா எழுமா? அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளும்கூட. பூசைக்குப் புறப்பட்டவர், கோயிலுக்குப் போனவர், சுபஹு தொழுதுவிட்டு வந்தவர், ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தவர், எல்லோரும் போனார்கள். பாவம் மிஞ்சியதால் வந்தது என்று அந்த நாட்களில் எல்லாச் சமயத்தாரும் சொன்னார்கள். நாமும் சொன்னோம்.

ஆண்டவர் இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று இயேசு வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, உயிரோடு இருக்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். இறந்தவரை விசாரிப்பது நம் வேலையல்ல. மிஞ்சிய நாம் எப்படி வாழ்கிறோம் என்பதே கேள்வி.

இன்றைய முதல் வாசகத்தில் ஸ்தேவானுக்கு வானம் திறக்கிறது; இயேசு நிற்பதைக் காண்கிறார். ஆனாலும் அவர்மேல் எறியப்பட்ட கற்கள் நிற்கவில்லை. அவற்றைக் கடவுள் எறியவில்லை, மனிதர் எறிந்தார்கள். ஆண்டவர் கல்லின் பக்கம் இல்லை, கல்லடி பட்டவன் பக்கம் இருந்தார்.

அப்படியானால் அலையை அனுப்பியது யார்? அதை விஞ்ஞானத்திடம் கேளுங்கள், அது ஒளிக்காமல் சொல்லும். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் நகர்ந்து, 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குத் தரை பிளந்தது. அப்போது நம் நேரம் காலை 6.58. அலை நம் கிழக்குக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு ஒன்றுமில்லை. பூமி அதிர்ந்ததை ஹவாயில் அந்தப் பசிபிக் நிலையத்தில் இருந்தவர்கள் அறிந்தார்கள். அந்தச் செய்தி காரைதீவுக்கு வர வழி இருக்கவில்லை. கடவுள் ஏன் மௌனமாக இருந்தார் என்று கேட்கிறோம். அந்த இரண்டு மணித்தியாலம் மௌனமாக இருந்தது மனித ஏற்பாடு.

அதிர்வு மையத்துக்கு மிக அருகே சிமியூலு என்ற தீவு இருக்கிறது. 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்தது. நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-இல் பல்லாயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் பத்துக்கும் குறைவு. ஆனால் நம் கரையில் நிலம் அப்படி ஆடவில்லை. ஆகவே நமக்குப் பாட்டியின் சொல் மட்டும் போதாது, கருவியும் வேண்டும்.

கருவி தரும் விஞ்ஞானம் விசுவாசத்துக்குப் பகையல்ல. பேரண்டம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்துக்கு வழி திறந்த ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. தன் கணக்கைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. நாமும் அலையைக் கடவுளுக்கு ஆதரவான சாட்சியாகவோ எதிரான சாட்சியாகவோ கூண்டில் ஏற்ற வேண்டாம். படத்தில் வாதாடிய இருவரும் அதைத்தான் செய்தார்கள். அலை எப்படி வருகிறது என்று அறிவது விசுவாசத்தில் குறையல்ல. அடுத்தவன் உயிரை நேசிக்கிறேன் என்பவன் அதைக் கற்றே ஆக வேண்டும்.

ஆகவே பிரியமானவர்களே, பிள்ளைகள் புவியியல் படிக்கும்போது அதைச் செபத்துக்குப் போட்டியாக எண்ணாதீர்கள். 2012 ஏப்ரல் 11-இல் எச்சரிக்கை வந்து கரைச் சனம் ஓடியது, பேரலை வரவில்லை. அந்த ஓட்டம் வீணல்ல. அடுத்த முறையும் அப்படித்தான் ஓட வேண்டும். கரையில் இருக்கும் உங்கள் சொந்தங்களுக்குச் சொல்லுங்கள்: சைரன் ஒலித்தால் செபமாலையோடு ஓடுங்கள், ஆனால் ஓடுங்கள், பக்கத்து வீட்டு உம்மாவையும் கைபிடித்துக் கூட்டிவாருங்கள். உள்ளே இருக்கும் நமக்கும் ஒரு கடன் உண்டு. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இடையில் காயம் ஆறாத இந்த மண்ணில், வருகிறவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று விசாரிக்காமல் கதவைத் திறக்க வேண்டும், உலையில் அரிசி கூடப் போட வேண்டும். அந்த நாளில் கடவுள் எங்கே என்று ஒரு பிள்ளை நம்மைக் கேட்டால், பதில் சொல்லும் தகுதி அப்போதுதான் நமக்கு உண்டு. ஆமென்.