காதை ஊரிலேயே விட்டுவிட்டு

வெளிநாடு போய் வந்தவர்களிடம் படங்களுக்குக் குறைவே இருக்காது. கோயில் வாசல், மலைமுகடு, தட்டில் வந்த சாப்பாடு எல்லாம் கைப்பேசியில் பத்திரமாக இருக்கும். அந்த ஊர் காதுக்கு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படாது. மொழி தெரியாத ஊரில் காதுக்கு என்ன வேலை என்று கிளம்பும்போதே முடிவு கட்டிவிடுகிறோம். கடைக்காரர் ஏதோ கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை, கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் கையில் கேமரா இருப்பது பெரிய ஆறுதல். ஏதோ வேலையாக இருப்பதுபோல் நிற்கலாம். இப்படித்தான் பேச்சு இருக்கவேண்டிய இடத்தில் கேமரா வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, அந்த ஊரைப் பற்றிய நினைவில் பாதி என்பது என் கட்சி.

படம் எடுத்தாலே ஞாபகம் போய்விடும் என்று மொட்டையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் ஒரு கலைக்கூடத்தில் ஆய்வு நடத்தினார். சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னபோது, பார்த்தவையே கூடுதலாக நினைவில் நின்றன. 2014இல் அச்சான இந்த முடிவைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு இந்தப் பாதிப்பு இல்லை என்று அதே ஆய்வு சொன்னதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அலிக்ஸாண்ட்ரா பராஷும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அருங்காட்சியகத்தில் ஒலிவழிகாட்டியைக் கேட்டபடி சுற்றியவர்களில், விரும்பியதைப் படம் எடுக்க அனுமதிக்கப்பட்டவர்கள் கண்ட பொருள்களை நன்றாக அடையாளம் கண்டார்கள்; காதில் கேட்டதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கேமராவே இல்லாமல் மனத்துக்குள் படம் எடுத்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. ஆகவே குற்றம் கருவியின் மேல் இல்லை. கவனம் முழுவதையும் கண் வாரிக்கொண்டால் காதுக்கு மிச்சம் இருக்காது. உள்ளூர் மொழி தெரிந்தவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. நாலு பேரிடம் பேசும்போது விட்டது திரும்பக் கிடைத்துவிடும். தெரியாதவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 2024இல் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டவர் அங்கே போனார்கள். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் கணிசம் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. கியோட்டோவின் கியோன் பகுதியில் மைக்கோ, கெய்கோ எனப்படும் கலைஞர்கள் மாலை நிகழ்ச்சிக்காகச் சந்துகளில் விரைந்து நடப்பார்கள். அவர்களை வழிமறித்துப் படம் எடுக்கும் தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019இல் அப்பகுதியினர் பலகை வைத்தார்கள். 2024இல் சில சந்துகளுக்குள் பயணிகள் நுழையவே கூடாது என்றாகிவிட்டது. போகிறவர்கள் எல்லாரும் முரடர்கள் என்று நான் நினைக்கவில்லை. எடுக்கலாமா என்று கேட்க ஒரு வாக்கியமாவது வேண்டும், எடுப்பதற்கு விரல் போதும், அவ்வளவுதான் விஷயம். அதே ஆண்டு மே மாதம் ஃபுஜி மலையடிவார ஊரான ஃபுஜிகவாகுசிகோவில், லாசன் கடைக்கு மேலே மலை தெரியும் காட்சியை மறைத்து 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்தில் கறுப்புத் திரை கட்டினார்கள். எச்சரிக்கைப் பலகைகளும் காவலர்களும் பயன்படாமல் போன பிறகு வந்த திரை அது. கட்டிய சில நாள்களிலேயே அதில் ஓட்டை போட்டுப் படம் எடுத்தவர்கள் உண்டு.

பேசத் தெரியாதவனுக்குப் படம்தானே மொழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானிய உணவகங்களின் கண்ணாடிப் பெட்டியில் அச்சு அசலாக நூடுல்ஸும் பொரித்த இறாலும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருப்பார்கள். சுட்டிக் காட்டினால் சாப்பாடு வந்துவிடும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவைப் பலகைக்கு நேரே காட்டினால் எழுத்து அப்போதே மொழி மாறித் தெரிகிறது. இவை வரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மூர்ச் சைவர் ஒருவர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பதாக வையுங்கள். டோஃபுவும் கீரையும் மிதக்கும் கிண்ணம், பார்வைக்குச் சுத்த சைவம். அதன் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுத்ததாக இருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது, இரண்டும் சூரை மீன்தான். பொம்மை அதைச் சொல்லாது, படமும் சொல்லாது. உள்ளே இருப்பவரிடம் அரைகுறையாகவாவது கேட்டு, அவர் யோசிப்பதையும் இழுத்துப் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்டால்தான் உண்டு. செயலியைக் காட்டிக் கேட்டாலும் சரி. அப்போது கேமரா கேள்வி கேட்கும் கருவியாகிறது; எதிரே ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் குறை சொல்வது, யாருடைய பதிலுக்கும் காத்திராத படத்தை.

பழைய காலத்தில் இப்படியா என்று பெருமூச்சு விடுவதிலும் பயனில்லை. ஈஸ்ட்மன் 1888இல் விற்ற முதல் கோடாக் கேமராவிலேயே 100 படம் எடுக்கச் சுருள் இருந்தது. பயணமும் படமெடுப்பும் ஒன்றாகிவிட்டதைப் பற்றி எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1977இலேயே நூலில் எழுதிவிட்டார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற தமிழ்ப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் தம் பயணங்களை எழுதியும் வைத்தார். படம் தெரிந்தவருக்குச் சொல்லும் தேவைப்பட்டது.

கேட்டுத்தான் என்ன, புரியப்போகிறதா என்பது கடைசித் தடை. மொழி புரியாவிட்டால் ஒலி எல்லாம் வெறும் இரைச்சல் என்று வைத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. ஜப்பானில் பார்வையற்றோருக்காகப் பல சாலைச் சந்திப்புகளில் ஒரு திசையில் கடக்கும்போது குக்கூ என்றும், மறு திசையில் கோழிக்குஞ்சு கத்துவதுபோலும் ஒலிக்க விடுகிறார்கள். டோக்கியோவின் எபிசு நிலையத்தில் ரயில் கிளம்பும்போது ‘தி தேர்ட் மேன்’ படத்தின் இசை வரும். அந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த பீரின் விளம்பர இசை அது. தக்கதனோபாபா நிலையத்தில் ஆஸ்ட்ரோ பாய் கார்ட்டூனின் பாட்டு. ஒரு வாரம் அதே தடத்தில் போய்வந்தால், பலகையைப் பார்க்காமலே இறங்கும் இடம் தெரிந்துவிடும். கடையிலும் அப்படித்தான்: கல்லாவில் இருப்பவர் தொகையை வாய்விட்டுச் சொல்லி, நாம் சின்னத் தட்டில் வைத்த பணத்தைப் பெற்று, சில்லறையை எண்ணித் தருகிறார். சொற்கள் விளங்காவிட்டாலும் எந்த இடத்தில் தொகை, எந்த இடத்தில் நன்றி என்பது நாலாம் முறையில் பிடிபடும். ஒலியை ஓர் ஊரின் சொத்தாக எண்ணுவது அந்நாட்டு அரசுக்கும் புதிதில்லை: 1996இல் பாதுகாக்க வேண்டிய 100 ஒலிச்சூழல்கள் என்று பட்டியலே போட்டார்கள். சப்போரோ மணிக்கூண்டின் மணியோசை அதில் இருக்கிறது, கியோட்டோவின் மூங்கில் காடும் இருக்கிறது.

அதற்குத்தான் வீடியோ இருக்கிறதே என்பார்கள். வீடியோ ஒலியையும் பிடிக்கிறது, உண்மை. பிடித்ததை என்ன செய்கிறோம்? அதே மூங்கில் காட்டில் எடுத்த ரீல்ஸ் எதையாவது திறந்து பாருங்கள்: அரசு பட்டியலிட்ட அந்தச் சலசலப்பை அணைத்துவிட்டு, மேலே இந்த வாரம் ஓடும் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள்.