கம்பமும் உபதேசமும்

இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பதே சாத்விக தானம் என்று பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் வகுத்துரைக்கிறது. பொருளைக் கொடுப்பதற்கே இத்தனை விவேகம் வேண்டுமானால், பிறன் வாழ்வையோ வீட்டையோ நிர்ணயித்துவிடக் கூடிய யோசனையைக் கொடுப்பதற்கு எவ்வளவு விவேகம் வேண்டும்! ஓரிடத்தில் மெய்யாக இருந்த வாக்கியம் வேறோரிடத்தில் எங்ஙனம் பொய்யாகிறது என்பது தத்துவ விசாரத்துக்குரிய வினாவேயாயினும், அதற்கு விடை தேடச் சாஸ்திர கிரந்தங்களைப் புரட்டுமுன் தச்சர்களின் களத்தைச் சற்றே பார்த்து வருவது நலம்.

அஸ்திவாரச் சுவர் எழுப்பாமல், மரக் கம்பங்களை நேரே மண்ணில் ஊன்றி, அவற்றின்மேல் கூரையை ஏற்றிக் கொட்டகை கட்டும் முறை, 1930-களிலிருந்து அமெரிக்கக் குடியானவர்களிடையே பரவியது. இதைப் பற்றிக் கூறப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை தம்மளவில் தவறானவை அல்ல, காரணத்தை இழந்தவை. மின்னசோட்டா ராஜ்யத்தின் வடபாகத்தில் அடித்தளம் 60 அங்குலம் இறங்க வேண்டுமென்பது கட்டட விதி. ஏனெனில் குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து பருக்கும்போது, ஆழமில்லாத கம்பத்தை அது மேலே தூக்கிவிடும். மண் உறைவதே இல்லாத தென் ப்ளோரிடாவிலோ, குழியின் ஆழத்தை நிர்ணயிப்பது கூரையைப் பெயர்க்க வரும் புயல். அளவை மட்டும் மனனம் செய்தவன் இரண்டு ஊர்களில் ஒன்றில் நிச்சயமாகப் பிழை செய்வான்.

மருந்தேற்றிய மரம் மக்காது என்பார் சிலர். மருந்து மேற்புறத்தில் செறிந்தும் உட்புறத்தில் குறைந்தும் இருப்பதால், அறுத்த முனையை அப்படியே மண்ணில் இறக்கினால் அந்த அபயம் பயனற்றுப் போகும். மண்ணில் புதைந்த மரம் மக்கியே தீரும் என்பார் வேறு சிலர். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டியிருப்பதால் கம்பம் தரைமட்டத்தை ஒட்டியே முதலில் நலிகிறது என்பதையும், காற்றுப் புகாத ஈரச் சேற்றில் இறக்கிய முளைகளின் மேல் வெனிஸ் நகரத்து மாளிகைகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவற்றினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. கேட்பவனுடைய நோக்கம் இன்னதென்று யோசனை கூறுபவன் தானே முடிவு செய்துகொள்வதுதான் அது. ஜப்பானில் ஈசே ஆலயத்தின் தூண்கள் அடிக்கல் இல்லாமல் மண்ணிலேயே ஊன்றப்படுகின்றன. அவை மக்கும் என்பதை அங்குள்ள தச்சர்கள் நன்கறிவார்கள். அறிந்தே, 690-ஆம் ஆண்டில் தொடங்கிய மரபின்படி, யுத்த காலங்களில் நேர்ந்த நீண்ட தடை நீங்கலாக, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்துள்ள மனையில் ஆலயத்தைப் புதிதாக எழுப்பி வருகிறார்கள். 2013-இல் நிறைவேறியது 62-ஆவது புனர்நிர்மாணம். கல்லின்மேல் தூணை நிறுத்துங்கள் என்று அவர்களுக்குச் சொல்பவன் மரத்தின் இயல்பை அறிந்தவனாயிருக்கலாம். ஆனால் மரத்தின் ஆயுளைவிட ஆலயத்தின் வடிவத்தையும் அதைச் சமைக்கும் கைத்திறனையும் காப்பதே அவர்கள் கருத்து என்பதை அறியாதவன்.

இதனால் சத்தியம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று கொள்ள வேண்டுவதில்லை. ஈரம் உறைந்தால் பருக்கும் என்பது எங்கும் ஒன்றே. அதிலிருந்து பிறக்கும் விதிதான் தேச காலங்களுக்கேற்ப வேறுபடுகிறது. ஆகவே விதியைச் சொல்பவன் அதன் காரணத்தையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவன். ஆசாரங்களைக் குறித்து நம்மிடையே நடக்கும் வாதங்களிலும், முன்னோர் சொன்னதாலேயே ஒன்றைப் பற்றிக்கொள்பவரும், பழையது என்பதாலேயே அதை எறிந்துவிடுபவரும் எதிரெதிர் முகாம்களில் நின்றபோதிலும், காரணத்தை விசாரியாமை என்ற ஒரே குற்றத்தையே இரு சாராரும் செய்கிறார்கள்.